சிவப்பு மாத்திரை உண்மையைக் காட்டியதா? ‘தி மேட்ரிக்ஸ்’ படத்தின் ஒரு குறியீடு பற்றி

கோரிமேட்டான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ‘தி மேட்ரிக்ஸ்’ 1999-இல் வெளிவந்தது. எந்திரங்கள் உருவாக்கிய ‘மேட்ரிக்ஸ்’ என்ற பொய்யுலகை நிஜம் என்று நம்பி மனிதர்கள் உறங்கிக்கிடக்கும் கதை அது. அந்தப் படத்தைப் பார்த்திராத கல்லூரிப் பிள்ளைகள்கூடச் சிவப்பு மாத்திரை என்றால் என்ன என்று கேட்டால் தயங்காமல் பதில் சொல்கிறார்கள். ஊர் உலகமே நம்பிக்கொண்டிருக்கும் பொய்யிலிருந்து வெளியேறி, மற்றவர்களுக்குத் தெரியாத உண்மையைத் தெரிந்துகொண்டவன் சிவப்பு மாத்திரைக்காரன். மீதிப் பேர் நீல மாத்திரைக்காரர்கள், அதாவது ஏமாளிகள். சேலம் ஐந்து ரோட்டில் பங்கு வணிகப் பயிற்சி வகுப்பு ஒன்றின் விளம்பரத் தட்டியில் இதையே அச்சடித்து வைத்திருக்கிறார்கள். கறுப்புப் பின்னணியில் பச்சை எழுத்துகள் மேலிருந்து கீழே இறங்க, இரண்டு உள்ளங்கைகள் நம்மை நோக்கி நீண்டிருக்கின்றன. நீல மாத்திரைக்கு அடியில் ‘மாதச் சம்பளம்’, சிவப்பு மாத்திரைக்கு அடியில் ‘விடுதலை’. படம் சொன்னது இதுதானா என்பதே என் கேள்வி. இல்லை என்பது என் உறுதியான கருத்து.

அந்தக் காட்சியை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம். இடியும் மழையுமான இரவில், பாழடைந்த விடுதி அறை ஒன்றில், எதிரெதிரே இரண்டு தோல் நாற்காலிகள். பொய்யுலகிலிருந்து வெளியேறியவர்களின் தலைவர் மார்ஃபியஸ், கதாநாயகன் நியோவிடம் இரண்டு மாத்திரைகளை நீட்டுகிறார். அவர் அணிந்திருக்கும் கறுப்புக் கண்ணாடியின் ஒரு வில்லையில் நீல மாத்திரையும் மறு வில்லையில் சிவப்பு மாத்திரையும் தெரிகின்றன. தான் தருவது உண்மை மட்டுமே, அதற்கு மேல் எதுவும் இல்லை என்று அவர் எச்சரிக்கிறார். இதுவரை எல்லோருக்கும் மனப்பாடம். அடுத்து வருவதுதான் மறந்துபோய்விட்டது. நியோ சிவப்பு மாத்திரையை விழுங்கியதும் பக்கத்து அறைக்கு அழைத்துச் சென்று கருவிகளுக்கு நடுவே உட்காரவைக்கிறார்கள். அங்கே மார்ஃபியஸ் தரும் விளக்கத்தின்படி, அந்த மாத்திரை ஒரு தடம் காணும் நிரலின் பகுதி. நியோவுக்குள் போய்வரும் சமிக்ஞையைக் குலைத்து, அவனுடைய உண்மையான உடல் எங்கே கிடக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க உதவுகிறது. ஆக, மாத்திரை நியோவுக்கு எந்த உண்மையையும் காட்டுவதில்லை. நியோ எங்கே இருக்கிறான் என்பதை, அவனைத் தேடிக்கொண்டிருக்கிறவர்களுக்குக் காட்டுகிறது.

அதன் பிறகு நடப்பதையும் பாருங்கள். உடம்பெல்லாம் குழாய் செருகிய நிலையில், மயிர் இல்லாத மெலிந்த உடலோடு ஒரு தொட்டிக்குள் கண்விழிக்கிறான். எந்திரங்கள் அவனைக் கழிவாகக் கருதி வெளியே தள்ளுகின்றன. இருட்டுத் தண்ணீரில் விழுந்து மூழ்கப்போகிறவனை ஒரு கப்பலின் கொக்கி மேலே தூக்குகிறது. ஒருநாளும் பயன்படாத தசைகளுக்கு உயிரூட்ட உடல் முழுக்க ஊசி குத்திப் படுக்கவைக்கிறார்கள். கண் ஏன் வலிக்கிறது என்று கேட்கிறான். இதற்கு முன் நீ அவற்றைப் பயன்படுத்தியதே இல்லை என்று பதில் வருகிறது. உண்மையைக் காட்டும்போது நம்ப மறுத்து, வாந்தி எடுத்து, மயங்கி விழுகிறான். விழித்தெழுந்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் நிலையில் அவன் இல்லவே இல்லை. அடுத்தவர் கை பிடிக்காமல் உட்காரக்கூட அவனால் முடியாது.

மாத்திரையை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டவர்கள் இந்தக் கைகளை எல்லாம் விட்டுவிட்டார்கள். 2007 அளவிலேயே அமெரிக்க வலதுசாரி வலைப்பதிவுகளில் அந்தச் சொல் அரசியல் பொருளில் புழங்கத் தொடங்கிவிட்டது. 2012-இல் ரெட்டிட் தளத்தில் அதே பெயரில் ஆண்களுக்கான குழு ஒன்று தொடங்கி, பெண்களை நம்பாதே, அவர்களை ஆளக் கற்றுக்கொள் என்பதையே ‘உண்மை’ என்று போதித்தது. 2018-இல் அந்தத் தளமே எச்சரிக்கைப் பலகை வைத்து அதை ஒதுக்கியது. 2020 மே மாதம் ஈலான் மஸ்க் ‘சிவப்பு மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று ட்விட்டரில் எழுத, எடுத்துக்கொண்டேன் என்று இவாங்கா டிரம்ப் பதில் எழுத, படத்தின் இரு இயக்குநர்களில் ஒருவரான லில்லி வச்சோவ்ஸ்கி இருவரையும் சேர்த்துக் கடுமையாகத் திட்டினார்.

சைஃபர் என்ற பாத்திரத்தை யாரும் பேசாததும் இதனால்தான். அவனும் சிவப்பு மாத்திரையை விழுங்கியவன். ஒன்பது ஆண்டுகள் கழித்து, தன் தட்டில் இருக்கும் இறைச்சி பொய் என்று தெரிந்தே ருசித்துச் சாப்பிட்டுக்கொண்டு, தன்னோடு இருந்தவர்களைக் காட்டிக்கொடுக்கிறான்.

நாகலூர்க்காரர் எழுதியது:

கோரிமேட்டான் அண்ணாவுக்கு வணக்கம். தடம் காணும் நிரல் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் அந்தக் காட்சியை மறுபடி போட்டுப் பார்த்தேன்; நீங்கள் சொன்னது சரிதான். ஆனாலும் உங்கள் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை.

ஒரு குறியீடு திரையை விட்டு இறங்கிய பிறகு அது எடுத்தவர்களுக்கு மட்டும் சொந்தமாக இருக்க முடியாது. 1954-இல் இஷிரோ ஹோண்டா எடுத்த காட்ஜில்லா, அணுகுண்டுச் சோதனையால் கிளர்ந்தெழுந்த பேரழிவு. அந்த ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்கா நடத்திய ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் விழுந்ததை அந்நாட்டு மக்கள் அப்போதுதான் படித்திருந்தார்கள். படமும் கடலில் ஒரு கப்பல் எரிவதோடுதான் தொடங்குகிறது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அதே மிருகம் குழந்தைகளைக் காப்பாற்றும் வீரனாகிவிட்டது, அதுவும் அதே படநிறுவனத்தின் கையாலேயே. அங்கே யாரைக் குற்றம் சொல்வது?

வச்சோவ்ஸ்கி சகோதரிகளும் இதையே செய்தார்கள். 1990-இல் வந்த ‘டோட்டல் ரீகால்’ படத்திலும் ஒரு சிவப்பு மாத்திரை இருக்கிறது. நீ காண்பது கனவு, நிஜத்துக்குத் திரும்ப விரும்புவதற்கு அடையாளமாக இதை விழுங்கு என்று ஒரு மருத்துவர் நீட்டுகிறார். அவர் முகத்தில் வழியும் ஒரு துளி வியர்வையைக் கதாநாயகன் கவனித்து, வாயில் போட்டதைத் துப்பிவிடுகிறான். அங்கே மாத்திரைதான் பொறி. ஒன்பது ஆண்டுகளில் அதே நிறம் நேர்மாறான பொருளில் திரைக்கு வந்துவிட்டதே! அதேபோல, நியோ தன் திருட்டு மென்பொருளை ஒளித்துவைக்கும் உள்ளீடற்ற புத்தகம், பிரெஞ்சுச் சிந்தனையாளர் ழான் போத்ரியார் 1981-இல் எழுதியது. தன்னை அவர்கள் தவறாகப் புரிந்துகொண்டதாக அந்தப் போத்ரியாரே நேர்காணலில் சொன்னார். நிஜமும் போலியும் தனித்தனியே இருப்பதாகப் படம் நம்புகிறது, அந்தப் பிரிவே இல்லாமல் போய்விட்டது என்பதல்லவா தன் வாதம் என்பது அவர் குறை. எழுத்தாளர் மறுத்த பிறகும் இயக்குநர்களின் வாசிப்பை நாம் மதிக்கிறோம். இயக்குநர்கள் மறுத்தால் மட்டும் மக்களின் வாசிப்பு ஏன் செல்லாது?

நம் ‘எந்திர’னில் சிட்டியின் உடலில் செருகப்படும் சிவப்புச் சில்லு அவனை அழிவுக்காரனாக்குகிறது. ஒருவர் குணம் மாறிப் பேசினால் ‘ரெட் சிப் போட்டுட்டாங்க’ என்று நாம் சொல்வதில்லையா? அதற்கு ஷங்கரிடம் அனுமதி கேட்டா சொல்கிறோம்?

செவ்வாய்ப்பேட்டை வாசகி எழுதியது:

தம்பிகள் இருவரும் விட்டுவிட்ட ஒரு வாசிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் அதுதான் அதிகம். ‘மேட்ரிக்ஸ் என்பது மாயை, நம் முன்னோர் எப்போதோ சொன்னதை அவர்கள் இப்போது படமாக எடுத்திருக்கிறார்கள்’ என்று கல்யாண வீட்டுப் பந்தியிலிருந்து பட்டிமன்ற மேடை வரை கேட்டுவிட்டேன். பள்ளியில் தமிழ் கற்பித்தவள் என்பதால் மாணவர்களும் இதைக் கொண்டுவந்து என்னிடம் உறுதிப்படுத்தச் சொல்வார்கள்.

முதலில், மேட்ரிக்ஸுக்கு ஓர் உரிமையாளர் உண்டு. மனித உடல்களிலிருந்து மின்சாரம் எடுப்பதற்காக எந்திரங்கள் நடத்தும் ஏற்பாடு அது. யாருடைய ஆதாயத்துக்காக நாம் உறங்கவைக்கப்பட்டிருக்கிறோம் என்ற கேள்வி படத்தின் உயிர்நாடி. மாயை என்று சொல்லி முடித்துவிட்டால் அந்தக் கேள்வி காணாமல் போகிறது, உறிஞ்சுகிறவன் தப்பித்துக்கொள்கிறான்.

அடுத்து, நம் முன்னோர் என்று சொல்கிறவர்கள் சைவ சித்தாந்தத்தைப் புரட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. அங்கே மாயை பொய்த் தோற்றம் அன்று, அது உள்பொருள். உடலும் கருவிகளும் உலகமும் அதிலிருந்து வருகின்றன. விடியும் வரைக்கும் உயிருக்கு விளக்காக உதவுவது மாயை என்று உமாபதி சிவாசாரியர் திருவருட்பயனில் சொல்கிறார். உயிரை மறைக்கும் இருட்டுக்கு அவர் வைக்கும் பெயர் ஆணவம். அதைப் பற்றிய குறட்பா ஒன்று இந்த விவாதத்துக்கு மிகவும் பொருந்துகிறது: இருட்டு மற்றப் பொருள்களைக் காட்டாவிட்டாலும் தன்னையாவது காட்டும், ஆணவமோ பிறவற்றையும் காட்டாது, தன்னையும் காட்டாது.

‘நான் விழித்துவிட்டேன், நீங்கள் தூங்குகிறீர்கள்’ என்று சொல்லும் இளைஞன் தன்னை மாயையிலிருந்து விடுபட்டவனாக நினைக்கிறான். சித்தாந்தத்தின்படி பார்த்தால் அவன் விளக்கை அணைத்துவிட்டு இருட்டுக்குள் இன்னும் ஆழமாகப் போயிருக்கிறான். கோரிமேட்டான் தம்பி சொன்ன தடம் காணும் நிரலை ஏற்றுக்கொள்ள எனக்குத் தடையே இல்லை. அருள் தேடி வந்து எடுத்தாலன்றி உயிர் தன் முயற்சியால் மட்டும் கரையேற முடியாது என்பதைத்தானே நாங்களும் சொல்லிவருகிறோம்.

அம்மாபேட்டை தறி எழுதியது:

நம் ஊரிலிருந்தே ஓர் உதாரணம். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் படநிறுவனத்தின் டி.ஆர். சுந்தரம் 1952-இல் ஓர் அமெரிக்க நிறுவனத்தோடு சேர்ந்து தயாரித்த ‘காடு’ படத்தை இன்றைக்குச் சேலத்துக்காரர்கள் ஒரே காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள்: இந்தியாவின் முதல் அறிவியல் புனைவுப் படங்களில் ஒன்று, ஹாலிவுட் நடிகர்கள் நடித்தது. ஏற்காடு சாலையில் நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவைக் கடக்கும்போது பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்கிறோம். அந்தக் கதையில் யானைகள் ஊர்களைத் தாக்குகின்றன. அவற்றை விரட்டுவதற்காக வேட்டைக்குப் புறப்படுகிறார்கள். உண்மையில் யானைகள் வேறொன்றுக்குப் பயந்து ஓடிவருகின்றன. அவற்றின் பின்னால், என்றோ அழிந்துபோனதாகக் கருதப்பட்ட உரோம யானைகள் நிற்கின்றன. ஊருக்குள் வரும் யானையைப் பகையாகப் பார்க்காதே, அதைத் துரத்துவது எது என்று பார் என்று 1952-இலேயே நம் ஊர்ப் படம் சொல்லியிருக்கிறது. அந்தக் குறியீடு யாருக்கும் வேண்டியிருக்கவில்லை, ‘முதல்’ என்ற பெருமை போதுமானதாக இருந்தது. எனவே நாகலூர்த் தம்பி சொல்லும் மக்களின் வாசிப்பு எப்போதும் வாசிப்பிலிருந்து பிறப்பதில்லை என்பதே என் எண்ணம். பல நேரங்களில் படத்தைப் பார்க்காமலேயே கைமாற்றிவிடுகிறோம்.

சூரமங்கலம் எழுதியது:

நான் ஒரு திருநங்கை. இந்தப் படத்தைப் பற்றிப் பேசும்போது இந்தத் தகவல் தேவைப்படுவதால் சொல்கிறேன்.

படத்தை எடுத்தபோது இயக்குநர்கள் இருவரும் ஆண்களாகவே அறியப்பட்டார்கள். லானா வச்சோவ்ஸ்கி 2012-இலும் லில்லி 2016-இலும் தங்களைத் திருநங்கைகள் என்று வெளிப்படையாக அறிவித்தார்கள். பால்மாற்றத்தின் உருவகமாக இருக்க வேண்டும் என்பதே படத்தின் மூல நோக்கம், உலகம் அதற்கு அப்போது தயாராக இருக்கவில்லை என்று 2020-இல் லில்லி சொன்னார். ஸ்விட்ச் என்ற பாத்திரம் நிஜ உலகில் ஆணாகவும் மேட்ரிக்ஸுக்குள் பெண்ணாகவும் வருவதாக முதலில் எழுதப்பட்டிருந்ததாம். அக்காலத்தில் ஈஸ்ட்ரோஜன் மாத்திரையும் கருஞ்சிவப்பாக இருந்தது என்று ரசிகர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள். இவையெல்லாம் இப்போது பலருக்கும் தெரிந்த செய்திகள். எனக்கு இவை எதுவும் தெரியாத காலத்திலேயே அந்தப் படம் என்னுடையதாக இருந்தது. அது ஏன் என்று சொல்கிறேன்.

மேட்ரிக்ஸைக் காக்கும் ஏஜென்ட் ஸ்மித், முதலிலிருந்து கடைசி வரை நியோவை அவனுடைய பழைய பெயரால் ‘மிஸ்டர் ஆண்டர்சன்’ என்றே அழைக்கிறான். அந்தப் பெயரை அவன் உச்சரிக்கும் விதத்தைக் கேளுங்கள். ஒவ்வோர் அசையையும் இழுத்து, பதிவேட்டில் உள்ளதைப் படிப்பதுபோல் சொல்கிறான். சுரங்க ரயில் நிலையத்தில் நியோவைத் தண்டவாளத்தின் மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வருகிற ரயிலின் ஓசையைக் கேட்கவைத்து, மறுபடியும் அதே பெயரைச் சொல்லி விடைகொடுக்கிறான். அப்போதுதான் நியோ, என் பெயர் நியோ என்று சொல்லி எழும்புகிறான். அந்தச் சண்டையே ஒரு பெயருக்காக நடப்பது. தமிழ்நாட்டில் எங்களுக்கு 2008-இலேயே நலவாரியம் அமைந்தது. அடையாள அட்டையும் வந்தது. அட்டையில் என் பெயர் இருந்தும், ஓர் அலுவலகத்தில் கூட்டத்தின் நடுவே என் பழைய பெயரை மூன்று தடவை உரக்கக் கூப்பிட்டார்கள். நான் எழுந்து போகவில்லை. என் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் வரை உட்கார்ந்திருந்தேன்.

நாகலூர்த் தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். குறியீட்டை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்பதை ஏற்கிறேன். நானும் அனுமதி கேட்காமல்தான் எடுத்துக்கொண்டேன். ஆனால் தண்டவாளத்தில் கிடந்தவன் சொன்ன சொல்லை, அவனை அழுத்திப் பிடித்த கை எடுத்துக்கொள்ளும்போது அதையும் இன்னொரு வாசிப்பு என்று சமமாக வைக்க என்னால் முடியாது. பெண்களையும் எங்களையும் வெறுக்கும் குழுக்களில் அந்தச் சொல் புழங்குகிறது. பெயரைக் கேட்டால் சிரிக்கிறவர்கள் தங்களை நியோ என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

நாகலூர்க்காரர் எழுதியது:

அக்கா, நீங்கள் எழுதியதை இருமுறை படித்தேன். அந்தக் குழுக்கள் செய்வது கொடுமை என்பதில் எனக்கு உங்களோடு வேறுபாடு இல்லை. அது கொடுமை என்பதற்குக் காரணம் அவர்கள் படத்தைத் தவறாகப் படித்தது என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. சரியாகப் படித்திருந்தாலும் கொடுமை கொடுமைதான். லில்லி 2020-இல் சொன்னது படத்தின் ஒரே பொருள் என்று வைத்துக்கொண்டால், டீச்சர் அம்மா திருவருட்பயனோடு சேர்த்துப் படித்ததும் செல்லாமல் போய்விடும். அது எனக்குப் பெரிய இழப்பாகத் தோன்றுகிறது. எந்த அளவுகோலை வைத்து ஒன்றை வாசிப்பு என்றும் இன்னொன்றைத் திரிபு என்றும் பிரிக்கிறீர்கள் என்பதைக் கோரிமேட்டான் அண்ணா சொல்ல வேண்டும்.

கோரிமேட்டான் எழுதியது:

நாகலூர்த் தம்பியின் கேள்வி நியாயமானது. இயக்குநரின் நோக்கத்தை நான் அளவுகோலாகக் கொள்ளவில்லை. படத்தின் எத்தனை பகுதியை ஒரு வாசிப்பு தாங்குகிறது என்பதைத்தான் பார்க்கிறேன். டீச்சர் அம்மாவின் வாசிப்பில் தொட்டியும் கொக்கியும் கப்பலும் இருக்கின்றன. சைஃபரும் அதில் அடங்குகிறான், ஏனென்றால் அவனுக்கு உண்மை தெரியும், ஆணவம் மட்டும் கழியவில்லை. சூரமங்கலத்தின் வாசிப்பு படம் முழுக்க ஒலிக்கும் ஒரு பெயரை விளக்குகிறது. அதைக் கேட்ட பிறகு ஸ்மித்தின் குரலை முன்போல் கேட்க முடியாது. தம்பி சொன்ன காட்ஜில்லாவை மாற்றியவர்கள்கூடப் புதிய படங்களை எடுத்து, அந்தப் படங்களுக்குள் புதிய பொருளை நிறுவினார்கள். மாத்திரைக்காரர்களின் வாசிப்போ ஒரு நிமிடக் காட்சிக்கு மேல் எதையும் தாங்குவதில்லை. அடுத்த அறைக்குப் போனாலே அது நின்றுவிடுகிறது.

2003-இல் வந்த இரண்டாம் படம் வரை போனால் நிலைமை இன்னும் மோசம். மீட்பன் ஒருவன் வருவான் என்ற நம்பிக்கையும், விழித்தவர்கள் ஒளிந்து வாழும் சயான் நகரமும், எல்லாம் மேட்ரிக்ஸை வடிவமைத்தவனின் ஏற்பாட்டுக்குள்ளேயே இருந்தவை என்று அதில் தெரியவருகிறது. மேட்ரிக்ஸை ஏற்காத சிறுபான்மையினர் போய்ச் சேர ஓர் இடமும், நம்ப ஒரு கதையும் முன்கூட்டியே கணக்கில் வைக்கப்பட்டிருக்கின்றன. நியோவுக்கு முன்பே ஐந்து பேர் அதே பாதையில் வந்துபோயிருக்கிறார்கள். நான் வெளியேறிவிட்டேன் என்று நினைப்பவனுக்கும் உள்ளே ஓர் இருக்கை ஒதுக்கியிருக்கிறது என்று படமே சொன்ன பிறகு, சிவப்பு மாத்திரையைச் சட்டையில் அச்சிட்டுப் போட்டுக்கொள்வது அந்த இருக்கையில் போய் உட்காருவதாகாதா?

லானா தனியாக இயக்கி 2021-இல் வந்த நான்காம் படம் இதற்கு நேரடியாகவே பதில் சொல்கிறது. அதில் மேட்ரிக்ஸ் ஒரு வெற்றிகரமான கணினி விளையாட்டு. அதன் பொருள் என்ன என்று விற்பனைக்காரர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள். என்னைப் போன்றவர்களுக்கு அவ்வளவு முக்கியமாக இருந்த உன் கதையை எடுத்து அற்பமாக்கிவிட்டார்கள் என்று பக்ஸ் என்ற இளம்பெண் நியோவிடம் சொல்கிறாள். சூரமங்கலம் எழுதியதைப் படித்தபோது அவள்தான் நினைவுக்கு வந்தாள்.

தம்பிக்கு இன்னும் ஒன்று. இரண்டாம் படத்திலும் ஒரு தேர்வு உண்டு. அங்கே மாத்திரைக்குப் பதிலாக இரண்டு கதவுகள். ஒரு கதவு வழியே போனால் வடிவமைத்தவன் சொல்லும் முறைப்படி மனித இனம் பிழைக்கும். மறு கதவு, செத்துக்கொண்டிருக்கும் காதலி டிரினிட்டியிடம் போவது. நியோ டிரினிட்டியிடம் போகிறான். எல்லாம் தெரிந்த பிறகு ஒருவன் எடுக்கும் முடிவு என்பதால் முதல் தேர்வைவிட இதுவே எடை மிகுந்தது; என்றாலும் அந்தக் கதவுகளை இத்தனை ஆண்டுகளில் ஒருவரும் குறியீடாக எடுத்துக்கொள்ளவில்லை. நாளைக்கு யாராவது அதை எடுத்து, நான் சற்றும் நினைத்துப் பார்க்காத பொருளில் பயன்படுத்தினாலும் மறுக்க மாட்டேன், கதவுக்கு அந்தப் பக்கம் டிரினிட்டி இருக்கிறாள் என்பதை அவர் மறக்காதவரை.